வாசலில் நின்ற மொசாஃபர்

துருக்கியின் எர்ஸுரும் பஸ் நிலையத்துக் கழிப்பறை வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. அங்காரா பஸ் கிளம்பிவிட்டால்? ஈரானின் ஷிராஸிலிருந்து கிளம்பி வந்தவள் ஃபரங்கிஸ்; அங்காராவில் இருக்கும் அவள் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம். எதிர்த் தெருவுக்கு ஓடி, கண்ணில் பட்ட முதல் கதவைத் தட்டினாள்.

"யாரு நீங்க?" என்றாள் கதவைத் திறந்த நெஸிஹே, துருக்கியில்.

பாரசீகம் மட்டுமே தெரிந்த ஃபரங்கிஸ் பஸ் நிலையத்தைக் காட்டினாள். "மொசாஃபர்!"

"மிஸாஃபிரா! என்னங்க, ஓடி வாங்க! நம்ம வீட்டுக்கு மிஸாஃபிர்!"

அரபியில் பிறந்த சொல் அது. பாரசீகத்திலும் உருதுவிலும் பயணி. துருக்கிக்குள் நுழைந்ததும் விருந்தாளி. பாவம், இருவருக்கும் அது தெரியாது.

சைகை காட்டியதில் கழிப்பறை கிடைத்தது. வெளியே வந்தால், மேஜையில் தேநீரும் பாலாடைக்கட்டி அடைத்துச் சுடச்சுடச் சுட்ட பொரெக்கும்.

"வேண்டாம்மா, நான் மொசாஃபர்!"

"அதனாலதான் சாப்பிடச் சொல்றேன்!"

"ஐயோ, மொசாஃபர்! மொசாஃபர்!"

"அவ்வளவு பசியா!" நெஸிஹே சூப்பையும் கொண்டுவந்தாள்.

ஃபரங்கிஸ் எழுந்து கைகளை அகல விரித்து, மறுபடி பஸ் நிலையத்தைக் காட்டினாள். "அங்க இன்னும் எவ்வளவு மொசாஃபர் காத்திருக்காங்க தெரியுமா?"

நெஸிஹே நெஞ்சில் கை வைத்தாள். "என்னங்க, இன்னும் ஏகப்பட்ட மிஸாஃபிராம்! குளிர்ல நிக்கிறாங்களாம்! பஸ்ஸோட கூட்டிட்டு வாங்க!"

கணவர் ரெம்ஸி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நெஸிஹே ஜன்னலைத் திறந்து கூவினாள்: "ஹவ்வா அக்கா, அடுப்பைப் பத்த வைங்க!"

தெருவே தட்டும் பாத்திரமுமாக உள்ளே புகுந்தது. எழுந்த ஃபரங்கிஸை இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது வாசலில் ஹாரன் அலறியது. பஸ்! படியில் தொங்கியபடி ரெம்ஸி. பயணிகள் இறங்கினார்கள், ஓட்டுநர் எல்லாருக்கும் முன்னால் வந்து தட்டை எடுத்துக்கொண்டார். விடியுமுன் எல்லையில் பஸ் மாறி ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டுத் தூங்கியே வந்த ஃபரங்கிஸுக்கு யார் முகமும் பிடிபடவில்லை. அதனால் என்ன? ஓட்டுநர் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்க, பஸ் எங்கே போய்விடும்?

அவளுக்கு உயிர் வந்தது. மகளுக்கு ஃபோன் போட்டாள். "கவலைப்படாதேடி கண்ணு! பஸ்ஸே என்கூடத்தான் இருக்கு! வந்துக்கிட்டே இருக்கேன்!"

பிறகு நிம்மதியாக பொரெக் தின்றாள். சூப் குடித்தாள். நெஸிஹேயைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

ஓட்டுநர் மீசையைத் துடைத்துக்கொண்டு, பஸ் படியில் ஏறி நின்று கத்தினார்:

"ஏறுங்க, ஏறுங்க! திராப்ஸோன் பஸ் கிளம்பியாச்சு! திராப்ஸோன்! திராப்ஸோன்!"