நடைபாதைக்குச் சிவப்பு அடித்த விவரம்

தேனி,
அக்டோபர் 24.

அன்பும் கண்டிப்பும் நிறைந்த கிருபாவதி அக்காவுக்கு,

தம்பி ஸ்டான்லி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் இங்கே அனைவரும் சுகம். என் வலது இடுப்பு மட்டும் சுகமில்லை. அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டத் தொடங்கிவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கேட்டிலிருந்து வாசற்படி வரை, பொடிக் கூழாங்கற்களைப் பசையில் குழைத்துப் பரப்பிய பாதை உண்டல்லவா? மகள் ஷெரின் கல்யாணத்துக்குப் போட்டது. அப்போது தேன் நிறம். ஏழு வருட வெயிலில் பசை பழுத்து, வடிகட்டிய டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. போன மாதம் ஜெபஷீலா அதைப் பார்த்து, "தேவதானப்பட்டி வீட்டுத் தரை எம்புட்டு அழகு" என்று பெருமூச்சு விட்டாள். கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீடு. அந்தச் சிவப்புத் தரையில் உட்கார்ந்து, இருவரும் ஒரே தட்டில் பணியாரம் தின்றது இன்னும் நாக்கில் நிற்கிறது. சரி, அந்தச் சிவப்பையே அவள் காலடியில் கொண்டுவந்து போடுவோம் என்று முடிவு செய்தேன். நாற்பது வருடத்தில் அவளைக் கேட்காமல் நான் செய்த இரண்டாவது காரியம் இது. முதலாவது, ஆண்டிபட்டியில் ஆட்டுக்குட்டி வாங்கியது.

தளம் போடுகிற தங்கபாண்டியைக் கூப்பிட்டேன். சுரண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது மேல பெயிண்ட் நிக்காது. கல்லுக்கு நடுவுல உள்ள ஓட்டைய அடைச்சு, தண்ணி இறங்காமப் போயிரும். நெறம் மாத்தணும்னா நல்லாக் கழுவி, மேல செவப்புக் கல்லு இன்னொரு அடுக்குப் போடணும்" என்றார். முப்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவனுக்கு இவர் சாயம் சொல்லித் தருவதா என்று அவரை அனுப்பிவிட்டு, ஜெபஷீலா கம்பம் போயிருந்த அன்று தரைப் பெயிண்டை நானே அடித்தேன். மாலை வெயிலில் அதைப் பார்த்தபோது, அக்கா, எனக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது.

மறுநாள் மழை. எந்த மழையையும் குடித்துவிடுகிற பாதையில் குளம் நின்றது. காயாத பெயிண்ட் ஊறிக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்துச் சபைப் பெண்கள் பதினொரு பேர் ஜெபக்கூட்டத்துக்கு வந்து, செருப்பைக் கேட்டருகே விட்டு, வெறுங்காலோடு நடந்து, வீட்டுக்குள் வெள்ளை டைல்ஸ் முழுக்கச் சிவப்புக் கால்களைப் பதித்தார்கள். வராதீர்கள் என்று கத்திக்கொண்டு ஓடிய நான் வழுக்கி விழுந்தேன்.

ஜெபஷீலா ஒரு வார்த்தை திட்டவில்லை. தேங்காய் எண்ணெயோடு தரையில் உட்கார்ந்து வரிசையாக எல்லார் காலையும் துடைத்தாள். நடுவில் நிறுத்தி, "புதுத்தரைச் சாயம் என் கால்ல ஒட்டுனப்ப மதினி இப்படித்தான் தேச்சுவிட்டாக. இங்கன எனக்கு யாருமில்லன்னு அழுதேன். நான் இருக்கேன்லன்னு சொன்னாக" என்றாள்.

நாற்பது வருடமாக நீங்கள் இருவரும் இதை என்னிடம் சொன்னதில்லை. அன்று நான் கடையில் இருந்திருப்பேன்.

பிறகு தங்கபாண்டியே வந்து, சிரிக்காமல், பெயிண்டை உரித்துக் கழுவி, சிவப்புக் கல் அடுக்குப் போட்டுக் கொடுத்தார். நேற்றைய மழை முழுவதும் உள்ளே இறங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு அத்தானோடு வாருங்கள். உங்கள் கால் பட்டால் ஜெபஷீலா மகிழ்வாள்.

உங்கள் ஜெபத்தில் என் இடுப்பையும் நினைத்துக்கொள்ள வேண்டுகிற தம்பி,
ஸ்டான்லி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் ஜெபஷீலா படித்துவிட்டாள். தேவதானப்பட்டி வீட்டுத் தரை பச்சையாம். ஆசையாக அடித்திருக்கிறேனே என்று சும்மா இருந்தாளாம். இப்போது, "செவப்புத் தரைய யாரு வீட்ல பாத்தீக?" என்று கேட்கிறாள். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. தயவுசெய்து, அது உங்கள் வீடு என்று உடனே போன் செய்து சொல்லிவிடுங்கள்.