எல்லாமே மயக்க ஊசி இல்லை

ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும் இத்தனை பேரைத் தூங்க வைத்த ஆள் வேறு யாரும் கிடையாது. பாதிப் பேரை ஊசியால், மீதிப் பேரைப் பேச்சால். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்கு உதவியாக நிற்கும் டெக்னீஷியன் அவர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், எங்கள் தெருவுக்கு அவர் ‘மயக்கம்’. அவர் ஸ்கூட்டர் முனையில் திரும்பினாலே, “மயக்கம் வருது” என்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு சோடா வாங்க ஓடியிருக்கிறார்.

அவர் காதுபட யாராவது தூக்க மருந்து, வலி மருந்து எல்லாவற்றையும் பொத்தாம் பொதுவாக ‘மயக்க ஊசி’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஷூ கம்பெனி பஸ்ஸை மறித்து, ஜன்னல் வழியாகவே வகுப்பெடுப்பார்.

“இன்னாப்பா, மூணும் ஒண்ணா? மயக்க மருந்துன்னா மெயினையே ஆஃப் பண்றது. மூச்சக்கூட நாங்கதான் பாத்துக்கணும். தூக்க மருந்து லைட்ட மட்டும் அணைக்கும், உள்ள மிஷின் ஓடிக்கினே இருக்கும். மார்ஃபின் நேரா வலியப் போய்ப் பிடிக்கும். ஜாஸ்தியானா அதுவும் மூச்ச அமுக்கும், அதுக்குத்தான் டாக்டர் அளவு சொல்றாரு.”

“சார், மீதிய சாயங்காலம் சொல்லுங்க. கம்பெனில பஞ்ச் அடிக்கிற டைம் ஆவுது” என்று டிரைவர் கெஞ்சுவார்.

கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஆனாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அண்ணனுக்கு முதுகெலும்பில் புற்றுநோய் வந்தது. ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்தவன், புரண்டு படுக்க முடியாமல் அழுதான். டாக்டர் மார்ஃபின் எழுதினார். நான்தான் வேண்டாம் என்றேன். போதை, பழகிவிடும், கொடுத்தால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம், இப்படி யார் யாரோ சொன்னதை நம்பினேன். தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் தூங்கினான். வீடு நிம்மதியானது.

பதினோராம் நாள் மயக்கம் அவனைப் பார்க்க வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, தூங்குகிறவனின் இறுகிய தாடையைத் தொட்டுப் பார்த்தார். வழக்கமான வகுப்பு எதுவும் எடுக்கவில்லை.

“தூங்குறான். ஆனா வலிக்குதுப்பா அவனுக்கு. இந்த மாத்திரைய யாருக்காகக் குடுக்கிற, அவனுக்கா, உனக்கா?”

அன்றைக்கே டாக்டரிடம் போய் மார்ஃபின் வாங்கி வந்தேன். மறுநாள் அண்ணன் கண் திறந்து, முனகாமல், “டீ இருக்குதா?” என்று கேட்டான். அப்படி ஆறு நாள் இருந்தான், அவ்வளவுதான். முந்தைய பதினோரு நாளை நான் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்?

மயக்கம் இப்போதும் பஸ்ஸை மறிக்கிறார். மாதனூர்க்காரர் கதை, நெமிலிக்காரர் கதை எல்லாம் உதாரணத்துக்கு வரும். என் கதை எப்போது வரும் என்று பயந்துகொண்டே மூன்று வருஷமாக ஓரமாக நின்று கேட்கிறேன். அந்த ஓட்டைவாய் மனுஷன் அதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.