கல்லறையில் ஒரு தம்

வேலையில் அளவுக்கு மீறி ஆர்வம் காட்டக் கூடாது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் பட்ட இடம் காசிமேட்டுப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். நாள், நவம்பர் மாதத்துக் கல்லறைத் திருநாள். பார்த்தவர்கள், எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த பாதிப் பேர்.

பொது இடத்தில் புகை பிடிப்பவர்களைப் பிடித்து அபராதம் போடுவது என் வேலை. சுகாதாரப் பிரிவில் ஒப்பந்த ஊழியன். (நிரந்தரமாக்குவோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நிரந்தரமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன்.) ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் பஸ் நிறுத்தம், டீக்கடை, ஆஸ்பத்திரி வாசல் என்று ரசீதுப் புத்தகத்தோடு அலைவேன். தூரத்தில் என் தலை தெரிந்ததுமே சிகரெட்டுகள் செருப்புக்கடியில் போய்விடும். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு. எங்கள் தெருமுனைப் பாய் கடையில், பற்றவைத்துக்கொள்வதற்கென்று நுனி கனன்றபடியே ஒரு கயிறு தொங்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அதை எடுக்க வைத்தேன். பாய் அதைச் சுருட்டி உள்ளே வைத்தார். அந்தக் கயிற்றின் பெரிய வாடிக்கையாளர் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் அப்பா சவரிமுத்து துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் இருமினால் கைக்குட்டை கறுக்கும். ஃபில்டர் இல்லாத சிகரெட்தான் பிடிப்பார். ஃபில்டர் வைத்தது நோயாளிகளுக்கு என்பது அவர் கட்சி. நான் ஊருக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்கும் நடத்துவேன். அவர் எனக்குப் பொருளாதாரம் நடத்துவார்.

“நான் ஊதறதுலதாண்டா கவர்மெண்டே ஓடிகினு கீது. அல்லாரும் நிறுத்திட்டா உனுக்கு சம்பளம் எவன் குடுப்பான்?”

எங்கள் பகுதி மேம்பாலத்தில் ஒரு தூண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வார். இத்தனை வருஷம் சிகரெட்டுக்குக் கட்டிய வரியைச் சேர்த்து வைத்தால் அப்படி ஒரு தூண் நிச்சயம் வருமாம். எந்தத் தூண் என்பதில்கூட அவருக்குச் சந்தேகம் இல்லை; பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருப்பது. அதன்மேல் யாராவது வெற்றிலை துப்பினால் சண்டைக்குப் போவார். சாயங்காலம் மொட்டைமாடிக்கு என்னைக் கூட்டிப்போய், மணலிப் பக்கத்துப் புகைக்கூண்டுகளையும் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையையும் காட்டி, முதலில் அதற்கு ரசீது போட்டுவிட்டு அப்புறம் தன்னிடம் வரச் சொல்வார்.

அவர் நுரையீரல் போய்த்தான் செத்தார். சிகரெட்டா, நிலக்கரியா என்று டாக்டரைக் கேட்டோம். இரண்டும் உள்ளே ஒன்றாகத்தான் கிடக்கிறது, பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். துக்கம் விசாரிக்க வந்த பாய், என் கையைப் பிடித்துக்கொண்டு, “கவர்மெண்டுக்குப் பெரிய நஷ்டம்பா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அப்பா ஒரு தம் கேட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிகரெட்டோடு சண்டை போட்ட அம்மா, முதல் தடவையாக அவரிடம் இறங்கி வந்து, நல்லபடியாக வீட்டுக்கு வந்ததும் தானே கையால் ஒன்று தருவதாகச் சொன்னாள். அப்பா அதை நம்பிச் சிரித்தார். அவர் வீட்டுக்கு வந்தது பெட்டியில்.

அதற்கப்புறம் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அப்பா வருகிறாராம்.

“உள்ள வர மாட்டேன்றாருடா. வாசல்லயே நிக்கிறாரு. திட்டவும் மாட்டேன்றாரு. கைய மட்டும் இப்டி நீட்டிகினு நிக்கிறாரு.”

சர்ச் சாமியாரிடம் சொல்லிப் பூசை வைத்தோம். மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அப்பா கையை மடக்கவில்லை. அம்மா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். அவரைப் போல இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் கூட்டத்தில் எங்கள் அதிகாரி, எச்சரிக்கைப் பலகை வைக்காத பொது இடம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கை தூக்கினேன். கல்லறைத் தோட்டம் சார், திருநாள் அன்று கூட்டம் அம்மும், ஆம்பளைகள் எல்லாம் மதில் ஓரம் நின்று ஊதுவார்கள் என்றேன். புகார் சொல்லப் பலகையில் யார் செல்போன் எண்ணைப் போடுவது என்ற கேள்வி வந்தது. அதற்கும் நானே கை தூக்கினேன். (அன்றைக்கு என் கையை யாராவது கட்டிப்போட்டிருக்கலாம்.)

பலகையை வாசலில் நானே நின்று அடிக்க வைத்தேன். ஆணி இறங்கிய சூட்டோடு, அதன் கீழேயே நின்று புகைத்த ஒரு கண்டெய்னர் லாரி டிரைவரையும் பிடித்தேன். பெயர் டேவிட். ஆள் கதவு அகலம் இருப்பார். “பொணத்துக்கு இன்னா சார் கேன்சர் வரப் போவுது?” என்று நியாயம் கேட்டார். ரசீதோடு இலவச இணைப்பாக ஒரு பிரசங்கமும் கொடுத்தேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று முடித்தேன். அவர் பலகையில் இருந்த எண்ணைத் தன் போனில் பதிந்துகொண்டு, இனிமேல் எவன் இங்கே ஊதினாலும் தானே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பொறுப்புள்ள ஒரு குடிமகனை உருவாக்கிவிட்டதாக நான் பூரித்துப்போனேன்.

கல்லறைத் திருநாள் அன்று காலையிலிருந்தே தூறல். எங்கள் ஆட்களுக்கு மழை ஒரு பொருட்டில்லை. கல்லறைகளைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, குடைக்கடியில் மெழுகுவர்த்தி ஏற்றி, செத்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பார்கள். பன், வறுத்த மீன், மிக்சர். இன்னும் பிடித்தது ஏதாவது இருந்தால், சாமியார் மந்திரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போன பிறகு வைப்பார்கள். அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான் மூவரும் போயிருந்தோம். சாமியார் நகர்ந்ததும் அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். ஃபில்டர் இல்லாத சிகரெட். பாய் கடைக்குத் தானே போய்க் கேட்டிருக்கிறாள். பாய் காசு வாங்கிக்கொள்ளவில்லையாம்.

“பத்த வெச்சி அவுரு தலமாட்டுல வையி” என்றாள்.

வாசலில் போர்டு இருப்பதை நினைவூட்டினேன். யார் வைத்த போர்டு என்று கேட்டாள்.

“தர்றேன்னு சொன்னேண்டா அவராண்ட” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் சிகரெட்டை வாங்கிக்கொண்டேன்.

தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. மெழுகுவர்த்தியில் காட்டினேன். நுனி கறுத்ததே தவிர, பிடிக்கவில்லை. இழுக்காமல் எப்படிப் பற்றும் என்று அத்தை கேட்டாள். நான் வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூட உதட்டில் வைத்தவன் இல்லை. வேறு யாரையாவது இழுக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், மகன்தான் செய்ய வேண்டும் என்றாள் அத்தை, ஏதோ மோட்ச விளக்கு ஏற்றுகிற மாதிரி. அப்பாவின் தலைமாட்டில் குந்தினேன். அத்தை தன் பெரிய கறுப்புக் குடையை என் தலைமேல் கவிழ்த்துப் பிடித்தாள். வெளியிலிருந்து பார்த்தால் என் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரிந்திருக்கும். சிகரெட்டை உதட்டில் வைத்து, மெழுகுவர்த்தியில் காட்டி, ஒரு இழுப்பு இழுத்தேன்.

நெஞ்சு கிழிந்துவிட்டது போல இருமல் வந்தது. அது பரவாயில்லை. அந்தக் குடைக்குள் புகை நிறைந்ததும், ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பா வாசனை வந்தது. அவர் சட்டைப்பை, அவர் தலையணை, சின்ன வயதில் காய்ச்சலுக்கு நெற்றியில் வைத்த அவர் கை, எல்லாம் அந்த வாசனைதான். ஊரெல்லாம் துரத்தித் துரத்தி நான் அபராதம் போட்டது இந்த வாசனைக்குத்தான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அழுதேன். இருமுகிறேன் என்று நினைத்து அத்தை முதுகைத் தட்டினாள்.

அப்போது என் போன் அடித்தது.

வேலைப் பழக்கம், எடுத்துவிட்டேன். “சார், கல்லறையாண்டருந்து பேசறேன். இங்க ஒருத்தன் கொடைக்குள்ள குந்திகினு தம் அடிச்சிகினு கீறான். கொட மேல பொகையா வருது சார்.”

வாயில் சிகரெட்டோடு, இருமலுக்கு நடுவே, “எந்த வரிசை?” என்று கேட்டேன். (இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.)

“மூணாவது வரிசை. வேப்பமரத்தாண்ட.”

இதை ஒரு காதில் போனிலும் மறுகாதில் நேரிலும் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே வேப்பமரம். அத்தை என்ன நினைத்தாளோ, குடையைத் தூக்கினாள். இரண்டு கல்லறை தள்ளி, தன் அம்மாவின் கல்லறை அருகே, காதில் போனை வைத்தபடி டேவிட் நின்றுகொண்டிருந்தார்.

“நீயா சார்?” என்றார் போனிலேயே.

கூட்டம் சேர எவ்வளவு நேரம் ஆகும்? டேவிட் நடந்ததை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நான் சொன்னதை, என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். புத்தகத்தை எடுத்து எனக்கே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்தேன். என் அண்ணன் மகன் பிடிக்கவே இல்லை, பிடித்தது எங்கள் அண்ணன், இவன் பற்றவைத்ததோடு சரி என்று அத்தை வாதாடினாள். அப்படியானால் அண்ணன் பேரில் எழுது என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவின் கல்லறை முன்னால் நின்று சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா சிரிக்கவில்லை. “எழுதுப்பா” என்றாள். “அவுரு பேருலயே எழுது. கவர்மெண்டுக்கு அவுரு எப்ப பாக்கி வெச்சாரு?”

சிரிப்பு அடங்கிவிட்டது. எழுதினேன். பெயர், சவரிமுத்து. முகவரியில் மூன்றாவது வரிசை, வேப்பமரம் அருகில். மழைத்துளி விழுந்து மை கொஞ்சம் கலங்கியது. அம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கட்டினாள்.

டேவிட்டுக்கு முகம் மாறிவிட்டது. அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று மெதுவாகக் கேட்டார். ஹார்பரில் கரி என்றேன். தூறல் வலுத்தது. தலைமாட்டில் நான் வைத்திருந்த, அணையப் போன சிகரெட்டின் மேல் தன் குடையை நீட்டி, தான் நனைந்துகொண்டே, அது கடைசி வரை எரிந்து முடிகிற மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆபீஸில் அதிகாரி ரசீதைப் பார்த்துவிட்டு, செத்தவருக்கு எப்படிய்யா அபராதம் போட்டாய் என்றார். பொது இடம் சார் என்றேன். வரிசை எண் போட்ட புத்தகம், கிழித்தால் கணக்கு உதைக்கும். அதோடு அந்த மாதம் வசூலும் குறைவு. (ஊர் திருந்தினால் வசூல் குறையும். வசூல் குறைந்தால் நாங்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.) ஆகவே அப்பாவின் பணம் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. செத்தும் கொடுத்தான் என்பார்களே, அது உங்கப்பாதான் என்று பாய் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரசீது அப்பா போட்டோவுக்குப் பின்னால் செருகியிருக்கிறது. அம்மாவுக்கு அன்றிலிருந்து நல்ல தூக்கம். ஆனால் அப்பா கனவிலும் வருவதில்லை. அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஷேர் ஆட்டோவில் மேம்பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் என் மகள் “தாத்தா தூணு” என்று கை காட்டுவாள். அங்கே எவனாவது சாய்ந்துகொண்டு ஊதிக்கொண்டிருப்பான். நான் ரசீதுப் புத்தகத்துக்குப் பையில் கையை விடுவேன். அம்மா தடுப்பாள். “வுட்றா, அவனும் ஒரு தூணு கட்டிகினு கீறான்.” ஷேர் ஆட்டோவே சிரிக்கும். இது எங்கள் வீட்டில் தேயாத ஜோக்.

போன வாரமும் அப்படித்தான், ஒரு சின்னப் பையன், கல்லூரி படிக்கிற வயது, தூணில் சாய்ந்திருந்தான். அம்மா வழக்கம்போல ஜோக்கைச் சொன்னாள், எல்லோரும் சிரித்தோம். ஆட்டோ சிக்னலில் நின்றது. அப்போது அவன் இருமினான். அடிவயிற்றிலிருந்து இழுத்து வரும் இருமல், முடியும்போது ஒரு விசில் சத்தம். எங்கள் வீட்டுக்குப் பழக்கமான இருமல். அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“எறங்குடா” என்றாள். “போய் எழுது.”

நான் புத்தகத்தோடு இறங்கினேன்.