ரெண்டு எட்டு வளையல்

இருபத்திரண்டு வயதில் ஒருவன் புதிதாக எதைக் கற்றுக்கொண்டாலும், அதனால் முதலில் அவதிப்படுவது அவனுடைய தாய்மாமன்தான். பாட்டுக் கற்றால் மாமன் வீட்டில் போய்ப் பாடுவான். வைத்தியம் கற்றால் மாமனுக்குத்தான் முதல் கஷாயம். நான் மீட்டர் கற்றுக்கொண்டேன்.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே ஒரு பஞ்சாலையில் எனக்கு ஸ்டோர் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆணி, போல்ட், தோல் பட்டை, துணி, எல்லாமே மீட்டரிலும் மில்லிமீட்டரிலும்தான். பன்னிரண்டு இஞ்சு ஓர் அடி, மூன்று அடி ஒரு கெஜம், இருநூற்றிருபது கெஜம் ஒரு பர்லாங் என்று பிரம்புக்குப் பயந்து நெட்டுருப் போட்டு வளர்ந்தவன் நான். இங்கே எல்லாம் பத்துப் பத்தாக ஏறிற்று, பத்துப் பத்தாக இறங்கிற்று. புள்ளியை நகர்த்தி வைத்தால் கணக்கு முடிந்தது. சில மாதங்களில், மீட்டரைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கிலோமீட்டர் பிடிக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து ஊருக்கு முந்நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டரில் சொன்னால் நானூறைத் தாண்டிப் போய்விடும். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து ஊரை நினைக்கும்போது நான் சத்தமில்லாமல் மைலுக்கு மாறிவிடுவேன். (ஆலையில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மானம் போய்விடும்.) ஊர் என்று நான் சொல்வதும் ஊரை அல்ல, சின்னமனூரில் இருந்த என் மாமா மகள் சீனியம்மாவை. கடலைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கடல் அந்த வாய்க்காலுக்கு ஈடாகவில்லை.

மாமா நெல்லும் வாழையும் போடுகிற சம்சாரி. மேகமலை எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். அதில் மாமா ஒரு மடக்கு அடிக்கோல் எடுத்திருந்தார். பித்தளைப் பூண் போட்டது. வெற்றிலைப் பை இல்லாமல் வெளியே போனாலும் போவார், அந்தக் கோல் இல்லாமல் போகமாட்டார். வாழைத்தார், காளையின் திமில், விருந்தாளியின் செருப்பு என்று எதையும் அளக்காமல் விடமாட்டார். அவருடைய வலது பாதம் சரியாகப் பன்னிரண்டு இஞ்சு. கட்டைவிரல் அகலம் சரியாக ஓர் இஞ்சு. இங்கிலீஷ்காரன் தன்னைப் போல ஓர் ஆளைப் பார்த்துத்தான் அளவே ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று மனதார நம்பினார்.

முதல் லீவில் வந்த நான் அவர் களத்துமேட்டிலேயே போய் மீட்டரைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். காதில் வாங்கிக்கொண்டது மாமா. ஆனால் நான் சொன்னது முழுக்க, சற்றுத் தள்ளி நெல் தூற்றிக்கொண்டிருந்த சீனியம்மாவுக்கு.

மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "இஞ்சுங்கறது என்ன? கட்டவெரலு. அடிங்கறது பாதம். கெசம்னா மூக்குல இருந்து நீட்டுன கை நுனி வரைக்கும். எல்லாம் மனுசன் ஒடம்புலயே இருக்கு. உன் மீட்டரு எவன் ஒடம்புல இருக்கு, சொல்லு பாப்போம்."

"மீட்டர் ஒடம்புல இல்ல மாமா, பூமியில இருக்கு. பூமியோட சுத்தளவை நாலு கோடிப் பங்கு வச்சு, அதுல ஒரு பங்கை எடுத்தாக."

"சுத்தி அளந்தாகளா?"

"ஆமா மாமா."

மாமா மேகமலைப் பக்கம் பார்வையை ஓட்டினார். "கடல் வந்த எடத்துல கயித்த எங்கன கட்டுனாக?" என்று கேட்டார்.

முறத்துக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சீனியம்மா சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். அந்தக் குலுங்கலுக்காக நான் நாலு கோடிப் பங்கையும் விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் வாய் கேட்கவில்லை. மேலும் மேலும் வாதாடி, பேச்சு தடித்து, கடைசியில் மாமா கோலை மடக்கி இடுப்பில் செருகினார்.

"சரிப்பா. உன் மீட்டருல அளந்து ஒரு காரியத்தக் குத்தமில்லாமச் செஞ்சு காட்டு. அடுத்த வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள. பொறகு சீனியம்மா பேச்ச எடு."

நான் இன்னும் அந்தப் பேச்சையே எடுத்திருக்கவில்லை. மனிதர் கோல் இல்லாமலே என்னை அளந்துவிட்டார்.

என்ன செய்வது என்று எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. சீனியம்மாவுக்குத் தங்க வளையல், மில்லிமீட்டர் சுத்தமாக. கிளம்புகிற அன்று காலையில் அவள் எருமைக்குக் கழுநீர் ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"ஒன் கை அளவு என்ன?" என்றேன்.

"எதுக்கு மச்சான்?"

"சும்மாதான்."

அவள் எருமையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு எட்டு" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டினேன். ரயிலில் சொல்லிப் பார்த்தேன். ஸ்டோரில் போல்ட் எண்ணும்போது சொல்லிப் பார்த்தேன். ரெண்டு எட்டு. வேறு யாராவது சொன்னால் அது வளையல்காரர் சங்கதி. அவள் குரலில் அது எனக்கு மட்டும் சொன்ன ரகசியம் போல இருந்தது.

வளையல் அளவு எப்படி என்று எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். ரூபாய்க்குப் பதினாறு அணா மாதிரி இஞ்சுக்குப் பதினாறு பங்கு. ரெண்டு எட்டு என்றால் குறுக்களவு இரண்டு இஞ்சும் எட்டுப் பங்கும், அதாவது இரண்டரை இஞ்சு. ஆனால் நான்தான் பத்தின் அடிமை ஆயிற்றே. இரண்டு, ஒரு புள்ளி, எட்டு என்று எழுதி, இஞ்சுக்கு இருபத்தைந்து புள்ளி நாலு மில்லிமீட்டர் என்று பெருக்கினேன். எழுபத்தொரு மில்லிமீட்டர் வந்தது. புதுச்சேரி ஆசாரி ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்து, "பொண்ணு நல்ல வாட்டசாட்டமோ?" என்று கேட்டார். நான் கர்வத்தோடு, "அளவு சரியாக இருக்கிறது, செய்யுங்கள்" என்றேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. கௌமாரியம்மன் கோயிலில் முக்கிளைக் கம்பம் ஒன்று நட்டிருப்பார்கள் (கம்பம் ஊர் வேறு, இது வேறு). பெண்கள் ஆற்றில் குளித்து, குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். கோயில் வாசலில் வைத்து, அத்தை கையாலேயே சீனியம்மாவுக்கு வளையல்களைப் போட்டுவிடச் சொன்னேன். அவை தடை ஏதும் இல்லாமல் உள்ளே போயின.

"லொடலொடன்னு இருக்கே மாப்ளே" என்றாள் அத்தை.

"அங்கன எல்லாரும் இப்பிடித்தான் அத்தை போடுறாக. காத்தோட்டமா இருக்கும்."

மாமா கோல் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். சீனியம்மா வளையலைப் பார்த்தாள், ஒரு நொடி என்னையும் பார்த்தாள். ஒரு வருஷக் கடற்கரைக்கு அது போதும் என்று இருந்தது.

பிறகு அவள் ஆற்றுக்குப் போய்க் குடத்தோடு வந்தாள். ஈரக் கையோடு குடத்தை உயர்த்தினாள். வளையல்கள் சரிந்து முழங்கைக்குப் போயின. தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைத் தாழ்த்தினாள். வலது கை வளையல் மணிக்கட்டைத் தாண்டி, விரல்களைத் தாண்டி, கல் தரையில் விழுந்து உருண்டு, உப்பும் மிளகும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் மடியருகே போய்ச் சுருண்டு படுத்தது.

அந்த அம்மாள் அதை எடுத்தாள். வளையலைப் பார்த்தாள், சீனியம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மன் சந்நிதியில் வளையல் கழன்று விழுந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்று நம்புகிற தேசம் நம்முடையது.

"ஆத்தா, இந்தப் புள்ள எவனையோ நெனச்சு எளைச்சுப் போயிருக்கு" என்றாள், கடை வீதிக்கே கேட்கிற மாதிரி.

கூட்டம் கூடிவிட்டது. "யாரு வீட்டுப் பொண்ணு?", "சின்னமனூராம்", "பாவம், சோறு எறங்கலயாம்" என்று நாலு பக்கமும் பேச்சு. மாமாவின் முகம் கறுத்தது. "எம் பொண்ணு ஒண்ணும் எளைக்கல. இந்தப் பய அளவு தப்பு" என்று சொல்லிக் கோலை உருவி, கோயில் வாசலிலேயே குந்தி வளையலை அளந்தார். "ரெண்டே முக்காலு, அதுக்கும் மேல அர நூலு. ஏலே, ரெண்டு எட்டுன்னா ரெண்டரைடா."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால், பந்தயம் போனாலும் அவள் மானம் நின்றிருக்கும். ஆனால் எழுபத்தொரு மில்லிமீட்டரும் தொண்டையில் வந்து நின்றது. "கணக்குத் தப்பாது மாமா. பத்துல போட்ட கணக்கு" என்றேன்.

அளவு சரி என்றால் அவள் இளைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அதை ஊர்ச் சபையில் நானே பிரகடனம் செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைப்பதற்குள், சீனியம்மா முன்னால் வந்தாள். தன் கண்ணாடி வளையல்களை எல்லாரும் பார்க்கப் பிடித்து இழுத்தாள். அவை அசையவில்லை.

"நான் யாரையும் நெனைக்கவும் இல்ல, எளைக்கவும் இல்ல" என்றாள். இன்னொரு தங்க வளையலையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். அதற்குக் கழற்ற வேண்டிய சிரமம்கூட இல்லை.

மாமா என்னைத் திட்டவில்லை, அதுதான் மோசம். "புதுச்சேரிக்குப் போப்பா. அளவு தெரிஞ்ச பொறகு வா" என்றார்.

அந்த வருஷம் கடற்கரைக்குப் போனால் எனக்கு மைலும் உதவவில்லை. எந்தக் கணக்கில் போட்டாலும் தூரம் குறைய மறுத்தது. "நெனைக்கவும் இல்ல" என்று அவள் சொன்னது அலையோடு அலையாக வந்துகொண்டே இருந்தது. அவள் கோபத்தில் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. வாய்க்காலையும் முறத்தையும் குலுங்கும் தோளையும் நினைத்து நினைத்து அழத் தோன்றும். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து போவேன்.

ஆசாரியிடம் போய் வளையலை உருக்கச் சொன்னேன். இந்தத் தடவை சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த ஓர் இங்கிலீஷ் அடிக்கோலைக் கடன் வாங்கிக்கொண்டு போய், பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்து வாங்கினேன். இரண்டரை இஞ்சு. மீட்டரை மனதிலும் நினைக்கவில்லை.

அடுத்த சித்திரையில் அதே கோயில் வாசல். தோற்றவன் எப்படி வருவானோ அப்படிப் போய் மாமாவிடம் வளையலை நீட்டினேன். அவர் கோலை விரித்து இரண்டு பக்கமும் அளந்தார். "ரெண்டர. சுத்தம்" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் பிரியம்கூட இருந்தது. அத்தை வாங்கி மகளுக்குப் போட்டாள்.

சீனியம்மா குடத்தோடு போனாள். உயர்த்தினாள், ஊற்றினாள், கையைத் தாழ்த்தினாள்.

வளையல் கழன்று விழுந்தது.

மாமா ஓடிப்போய் எடுத்து மறுபடி அளந்தார். கோலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். அவர் வாழ்நாளில் அந்தக் கோலைச் சந்தேகத்தோடு பார்த்தது அன்றுதான். அப்போதுதான் நான் அவள் கையைச் சரியாகப் பார்த்தேன். பழைய கண்ணாடி வளையல்கள் இருந்த இடத்தில் அவற்றைவிடச் சின்ன அளவு வளையல்கள் இருந்தன. முழங்கை எலும்பு தெரிந்தது.

அத்தை அவசரமாக, "புள்ளைக்குக் குளிர்காச்சல் வந்துச்சுல்ல, எந்திரிச்ச ஒடம்பு" என்றாள்.

சீனியம்மா கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"காச்சல் தையிலயே போயிருச்சும்மா."

மாமா கோலை மடக்கினார். இடுப்பில் செருகினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, வைகாசியில நல்ல நாளு இருக்கான்னு உங்கப்பனப் பாக்கச் சொல்லு" என்றார்.

பிற்பாடு நாடு விடுதலையாகி, சர்க்காரே மீட்டருக்கு மாறிவிட்டது. தேனிச் சாலையில் மைல்கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள மாமாதான் இல்லை. அவருடைய கோல் என் பீரோவில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது மெலிந்து தெரிந்தால் இன்றைக்கும் ஒரு கேள்வி உண்டு: "மீட்டர் எளைப்பா, இஞ்சு எளைப்பா?" சட்டை பெரிதாகத் தைத்துவிட்டால் அது மீட்டர் இளைப்பு. நிஜமாகவே ஒருவர் மேல் ஏங்கிப்போய் இளைத்தால் அது இஞ்சு இளைப்பு. மாப்பிள்ளைகள், மருமகள்கள் எல்லாருக்கும் கல்யாணமான முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவாள் சீனியம்மா.

அவள் இப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகப் பம்பாய் போயிருக்கிறாள். வருகிற மாதம் வருகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பம்பாய் எத்தனை கிலோமீட்டர் என்று நான் பார்க்கவில்லை. மைலில்தான் பார்த்தேன், அதுவும் கூடுதலாகத்தான் இருக்கிறது.

நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து கையை உயர்த்தினேன். கைக்கடிகாரம் சரிந்து முழங்கைக்குப் போயிற்று. ரசம் ஊற்ற வந்த மருமகள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"மாமா, அது மீட்டரா, இஞ்சா?" என்றாள்.

"இஞ்சுதாம்மா" என்றேன்.