முன் ரூமில் ஒரு மூட்டை

பிடித்த சரக்கைப் பிடித்திருக்கிறது என்று செல்வின் வாய் திறந்து சொன்னதே கிடையாது. தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. போடியில் இப்போது ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. வாய்விட்டு விலை கேட்பதெல்லாம் போய்விட்டது. ஆனாலும் மாதிரிக் காய் தட்டில் வரத்தான் செய்கிறது, பக்கத்து நாற்காலி வியாபாரி முகத்தைப் பார்க்கத்தான் செய்கிறான். செல்வின் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். நல்ல காய் என்றால் முகம் சுளிப்பார். "ஈரம் போகலையே" என்பார். "நிறம் வெளுத்துருச்சு" என்பார். மட்டமான காய் வந்தால் முகர்ந்து, கண்ணை மூடி, "அடடா" என்று பெருமூச்சு விடுவார். பக்கத்து நாற்காலி அந்த அடடாவை நம்பி விலையை ஏற்றும்போது செல்வினின் விரல் பட்டனைவிட்டு எப்போதோ விலகியிருக்கும்.

உத்தமபாளையத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் இதையேதான் செய்தார். பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. உடனே, "உயரம் கொஞ்சம் கம்மி, காப்பியில சீனியும் கம்மி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். மாப்பிள்ளை எழுந்து போய்விடுவார் என்று பெண் வீட்டார் கலங்கிப் போனார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற ஜெபஷீலா மட்டும் கலங்கவில்லை. டம்ளரில் ஒரு சொட்டுக் காப்பி மிச்சமில்லை என்பதை அவள் பார்த்திருந்தாள்.

கல்யாணம் ஆனது, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள், போடியில் வீடு கட்டியாயிற்று. அந்த வீட்டில் செல்வினுக்கு மிகவும் பிடித்தது முன் ரூம். அதனால் அதைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முன் ரூமுக்கு மேற்கே பெரிய ஜன்னல். திறந்தால் போடிமெட்டு மலை. மலையிலிருந்து இறங்குகிற காற்று முதலில் அந்த ரூமுக்கு வந்து, மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். ஏலம் முடிந்து வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திக் கட்டிலில் சாய்ந்தால் வெயில் தாழும்வரை தூக்கம். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. சமையலறை வீட்டின் மறு கோடியில் இருந்தது. "என்னங்க" என்ற குரல் ஹாலைத் தாண்டி வருவதற்குள் களைத்துப்போய்விடும். ஒரு மனிதன் மத்தியானம் நிம்மதியாகத் தூங்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த ரூமுக்குச் சரக்கு ரூம் என்று பெயர். சரக்கெல்லாம் கோடவுனுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஒரே ஒரு சாக்கு மூட்டை மட்டும் கதவோரம் நின்றது. யாராவது உள்ளே கால் வைத்தால் செல்வின் கட்டிலில் படுத்தபடியே, "சரக்கு இருக்கு, பார்த்து" என்பார். வந்தவர் திரும்பிவிடுவார். மூட்டைக்குள் பழைய பேப்பரைத் தவிர ஒன்றுமில்லை என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று செல்வின் நினைத்துக்கொண்டிருந்தார்.

மே மாத லீவில் ஒருநாள் காலை, இட்லி வைத்துக்கொண்டே ஜெபஷீலா ஆரம்பித்தாள்.

"பிள்ளைகளுக்கு ஒரு ரூம் வேணும்ங்க. ஏஞ்சல் ஒம்பதாவது போறா. ஹால்ல டிவிக்கு அடியில எத்தனை நாளைக்குத்தான் ரெண்டும் படுத்துக்கிடக்கும்?"

"வேணும்தான்."

"முன் ரூமு இருக்கு, பின் ரூமு இருக்கு. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு, அத்தனை வருஷத் தொழில் கைகொடுத்தது.

"முன் ரூமா? அங்கன மனுசன் இருப்பானா? மேக்கு வெயிலு தோலை உரிக்கும். மழை பெஞ்சா செவுரு வேர்க்குது. தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பு விடியுமுன்ன ஹாரன் அடிக்கான். மூட்டைத் தூசியில சின்னவளுக்கு இளைப்பு வந்தா யாரு பாக்குறது?"

"அப்படியா."

"பின் ரூமு இருக்கே. அடடா."

ஜெபஷீலா கரண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். செல்வின் கண்ணை மூடியிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

"எந்நேரமும் குளுகுளுன்னு இருக்கும். அடுத்தாப்புல சமையக்கட்டு. பிள்ளைக கூப்பிட்டா உனக்குக் கேக்கும், நீ கூப்பிட்டா பிள்ளைகளுக்குக் கேக்கும். நடுச் செவுத்துல சின்ன ஜன்னல் வேற. தண்ணியோ பாலோ அப்படியே நீட்டிறலாம்."

"நீங்க மட்டும் அந்த முன் ரூமுல இத்தனை வருசமா எப்படிங்க இருந்தீக?"

"என்ன செய்ய. சரக்கை விட்டுட்டுப் போக முடியுமா?"

"பாவம்," என்றாள். இன்னொரு இட்லி வைத்தாள்.

அன்று மத்தியானம் மலைக்காற்றில் படுத்தபடி செல்வின் ஒரு முடிவுக்கு வந்தார். பின் ரூமைச் சொர்க்கமாக்கிவிட வேண்டும். அதைப் பார்த்த கண் முன் ரூம் பக்கம் திரும்பவே கூடாது.

பின் ரூமில் உடைந்த டேபிள் ஃபேன், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கில் சட்டம், ஜாய்ஸ் எப்போதோ ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் கிடந்தன. அவரே இறங்கி எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றினார். அடுத்தது பெயின்ட். ஏஞ்சல் சாம்பல் நிறம் கேட்டாள். நாலாவது போகப்போகிற ஜாய்ஸ் மஞ்சள் கேட்டாள்.

"சாம்பக் கலரு அடிச்சா ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கும்," என்றாள் சின்னவள்.

"மஞ்சக் கலரு அடிச்சா ஸ்கூல் பஸ்சுக்குள்ள படுத்த மாதிரி இருக்கும்," என்றாள் பெரியவள்.

செல்வின் நூல் பிடித்து நடுவே கோடு போட்டார். பாதிச் சாம்பல், பாதி மஞ்சள். அதோடு முடியவில்லை.

"சுவிட்சு என் பக்கம் இருக்கு. லைட்டு போடணும்னா அவ என்னைக் கேட்டுட்டுத்தான் வரணும்," என்றாள் பெரியவள்.

"அப்பா, அப்ப ஃபேனு யாருக்கு?"

"ஆளுக்குப் பாதி."

"சுத்துறதை எப்படிப்பா பாதியாக்குறது?"

செல்வின் சின்னவள் பக்கமும் ஒரு சுவிட்சு வைக்கச் சொன்னார். ஃபேன் இரண்டானது. கூரையில் இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்களை ஏணி போட்டு அவரே ஒட்டினார். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை.

ஜெபஷீலா எதையும் தடுக்கவில்லை. அவ்வப்போது எட்டிப் பார்த்து ஒன்று சொல்வாள், அவ்வளவுதான்.

"மெத்தை கொஞ்சம் நல்லதா வாங்கலாமாங்க?"

"இருக்கிறதுலயே நல்லதா வாங்கு."

"செவுத்துல ஓதம் ஏறாம மருந்து அடிக்கலாமாம்."

"அடிச்சிரு."

"அந்த நடு ஜன்னலு கதவு கிறீச்சுங்குது."

"எடுத்துட்டுப் புதுசு போடு. பெரிசாவே போடு. ஒரு தட்டு நீட்டுற அளவுக்கு இருக்கட்டும்."

இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற புருஷனை அக்கம்பக்கத்தில் காட்டுங்கள் பார்ப்போம் என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

காமராஜ் ஆசாரி இரண்டு அடுக்குக் கட்டில் செய்து கொண்டுவந்து மாட்டினார். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. கட்டில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு முழம் நீளம் கூடி, சுவர் அலமாரியின் கதவைப் பாதி மறைத்தது.

"என்ன காமராசு, அளவு தப்பிருச்சா?"

"அக்கா கொடுத்த அளவுண்ணே. ஒரு நூல் பிசகாது."

"ஆணியே இல்லாம எல்லாம் போல்ட்டா இருக்கு?"

"அக்காதான் அப்படிச் செய்யச் சொன்னாக. நாளைக்கு இடம் மாத்தணும்னா கழட்டி மாட்டிக்கிறலாம்ல."

"சொந்த வீட்டை எங்கப்பா மாத்துறது?"

காமராஜ் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து, புது ரூமில் வீட்டு ஜெபம் வைத்தார்கள். வீட்டு ஆட்கள் மட்டும்தான். கூடுதலாகக் காமராஜ் வந்திருந்தார், தோளில் பையோடு.

"வேலைதான் முடிஞ்சிருச்சே?"

"அக்கா வரச் சொன்னாக. ஜெபத்துக்கு."

"ஜெபத்துக்கு எதுக்குப்பா ஸ்பேனரு?"

காமராஜ் பையைக் குனிந்து பார்த்தார். "பழக்கம்ணே," என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெபஷீலா ஜெபித்தாள். பேச்சில் சிக்கனக்காரி, ஜெபத்தில் அப்படியில்லை.

"கிருபையுள்ள பிதாவே, இந்த அழகான ரூமுக்காக உமக்கு ஸ்தோத்திரம். இதைத் தன் கையாலே ஆயத்தம் செய்த உமது பிள்ளைக்காக ஸ்தோத்திரம்."

செல்வின் அடக்கமாகத் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"மேற்கு வெயிலிலேயும் வேர்க்கிற சுவரோரத்திலேயும் தூசியிலேயும் எங்களுக்காக அவர் இத்தனை வருஷம் படுத்துக்கிடந்தார் தகப்பனே. ஒரு வார்த்தை முறையிட்டதில்லை."

செல்வினின் ஒரு கண் பாதி திறந்து மூடியது.

"இன்று முதற்கொண்டு அவர் இந்தக் குளிர்ந்த ரூமிலே இளைப்பாறக் கிருபை செய்யும். அவருக்குப் பதிலாக முன் ரூமின் பாடுகளைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கிற எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஆசீர்வதியும்."

போதகரின் நீண்ட ஜெபங்களில் இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு நின்றவர் செல்வின். கடவுளிடம் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து பேரம் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமென்," என்றார்கள் பிள்ளைகள் இருவரும். இவ்வளவு வேகமான ஆமென் அவர்கள் வாயிலிருந்து வந்ததேயில்லை. ஆமென் சொல்லிப் பழக்கமில்லாத காமராஜும் சொன்னார். பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆமென்," என்றார் செல்வின்.

கண்ணைத் திறந்ததும் அவளைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஷீலா, முன் ரூமு நான் சொன்ன அளவுக்கு மோசமில்ல."

"அப்ப பிள்ளைக தாராளமா இருக்கலாம்."

"இல்ல, மோசம்தான்."

"அப்ப நீங்க அங்கன இருக்கலாமா?"

செல்வின் யோசித்தார். மூன்றாவதாக ஒரு பதில் அகப்படவில்லை.

"சின்னவளுக்கு இளைப்பு..."

"மூட்டைத் தூசியிலதான இளைப்பு வரும்னு சொன்னீக? மூட்டை உங்க கூடவே வருது."

அந்த நேரம் பார்த்துக் காமராஜ் முன் ரூமிலிருந்து மூட்டையைக் கொண்டுவந்தார். ஒற்றைக் கையில், பூக்கூடை மாதிரி. ஜாய்ஸ் வழிவிட்டு ஒதுங்கி, "சரக்கு இருக்கு, பார்த்து," என்றாள்.

கட்டிலைக் கழற்றி முன் ரூமில் மாட்ட அதிக நேரம் ஆகவில்லை. மேற்கு ஜன்னலுக்கு அடியில் சுவருக்குச் சுவர் கனகச்சிதமாகப் பொருந்தியது. மேல் கட்டிலில் ஏஞ்சல், கீழ்க் கட்டிலில் ஜாய்ஸ், இருவரும் குப்புறப் படுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

"இங்கன நடுவுல கோடு வேண்டாமா?" என்று செல்வின் வாசலில் நின்று கேட்டார். ஒரு சண்டையாவது வந்தால் நல்லது என்று இருந்தது.

"எதுக்குப்பா? ரெண்டு பேருக்கும் மலை தெரியுது," என்றாள் ஏஞ்சல்.

"கதவைச் சாத்திட்டுப் போங்கப்பா," என்றாள் ஜாய்ஸ்.

திங்கட்கிழமை ஏலம் முடிந்து வந்தார். சாப்பிட்டார். கால் பழக்கத்தில் முன் பக்கம் நடந்தது. திருப்பிக்கொண்டு பின் ரூமுக்கு வந்தார். அவருடைய பழைய கட்டில் பாதி சாம்பலிலும் பாதி மஞ்சளிலுமாகக் கிடந்தது. தலைமாட்டில் மூட்டை. கதவைச் சாத்தினால் கூரையில் நட்சத்திரங்கள் பச்சையாக முழித்தன. படுத்துப் பார்த்தார். புது மெத்தை அவர் கட்டிலுக்கென்றே வாங்கியதுபோல் பொருந்தி முதுகைத் தாங்கியது. அவர் இரண்டாக்கிய ஃபேன் இரண்டும் அவருக்கே சுற்றின. குளுமையாகத்தான் இருந்தது. தான் சொன்ன பொய்யில் இவ்வளவு உண்மை இருந்திருக்கிறதே என்று நினைக்கும்போதே கண் சொருகியது.

நடு ஜன்னல் திறந்தது. புதுக் கதவு, கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தட்டு உள்ளே நீண்டது. தட்டில் துருவியும் ஒரு தேங்காய் மூடியும்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் திருவிக் குடுங்க."

"தூங்குறேன் ஷீலா."

"தூங்குறவுக பதில் சொல்லுவாகளா? நான் கூப்பிட்டா இங்கன கேக்கும்னு நீங்கதான சொன்னீக."

செல்வின் எழுந்து உட்கார்ந்தார். தொழிலில் தோற்காத மனுஷன், கடைசியாக ஒருமுறை முகத்தைச் சுளித்தார்.

"இந்த ரூமு சரியில்ல ஷீலா. மெத்தை குத்துது. செவுரு ஈரம். காத்துங்கிறது பேருக்குக்கூட இல்ல. மனுசன் இருப்பானா இங்கன?"

ஜன்னல் வழியே ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்று கேட்டு, ஜெபஷீலா அடுத்த மூடியையும் தட்டில் வைத்தாள்.