மூக்கு வழி ஏறிய ஞாபகம்

பெற்ற தாய் வாயால் தன் பேரைக் கேட்க என்ன விலை? சங்கரன்கோவிலில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பேரம் கிடையாது.

மூக்குச்சாமி வாடகைக்குப் பிடித்த கல்யாண மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். அல்சைமர் வந்து பிள்ளைகளை மறந்தவர்களுக்கு மூக்கில் இரண்டு சொட்டு 'தெய்வ இன்சுலின்'. "ஊசி இன்சுலின் உடம்போடு நின்றுவிடும். நம் சொட்டு நேரே மூளைக்கு ஏறும். இனி ஊசியைத் தொடாதீர்கள்!" இது சாமி வாக்கு.

துணிக்கடை கோமதிசங்கர் நம்பிவிட்டான். அம்மா பாலம்மாள் அவனைப் பார்த்து "யாருலே நீ?" என்று கேட்க ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது.

"ஏட்டி, அம்மா என் பேரைச் சொல்லிட்டாள்னா நாளையிலருந்து ஊசி கிடையாது."

"சர்க்கரைக்குப் போடுத ஊசிய நிறுத்துனா அத்தை உசுருக்கே ஆபத்து," என்றாள் மனைவி ப்ரியதர்ஷினி. "மூக்குல இன்சுலின் விட்டா மறதிக்குக் கேக்குமான்னு டாக்டர்மாரே இன்னும் சோதிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. இவரு அதுக்குள்ள டோக்கன் போட்டுட்டாரு!"

ஆனாலும் டோக்கன் வாங்கப் போனது அவள்தான். அர்ச்சனைக்குக் கேட்பது போலப் பேர், நட்சத்திரம் கேட்டார்கள். கூடவே, யார் ஞாபகம் வர வேண்டும் என்றும் கேட்டார்கள். பக்தி என்றால் விவரமாகத்தானே இருக்க வேண்டும்!

சாமி குனிந்தார். மூக்கில் சொட்டு, காதில் முணுமுணுவென்று மந்திரம்.

"தாயே, எதிரே நிற்பது யார்?"

பாலம்மாள் மகனைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "எம்புள்ள கருத்தப்பாண்டி!"

மண்டபமே கைதட்டியது. கோமதிசங்கருக்கு முகம் செத்துவிட்டது. கருத்தப்பாண்டி எதிர்த் துணிக்கடைக்காரன்!

"அந்தப் பயலுக்கு இங்கன என்னட்டி வேலை?"

"டோக்கன்ல நாந்தான் அந்தப் பேரக் குடுத்தேன். காதுல விழுந்தத அத்தை அப்படியே திருப்பிச் சொல்லுவாங்கன்னு நமக்குத் தெரியாதா?" என்றவள் சாமி பக்கம் திரும்பினாள். "இப்போ காதுல ஒண்ணும் ஓதாம, சொட்ட மட்டும் விடுங்க சாமி. பாப்போம்."

"ஆமா வே, வாயப் பொத்திக்கிட்டு விடும்!" என்றார் வரிசையில் நின்ற வெள்ளத்துரை.

சாமிக்கு வேறு வழியில்லை, விட்டார். பாலம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருலே நீ?"

சாமி பின்வாசலைத் தேடினார். அங்கே வெள்ளத்துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைதட்டிய கைகளெல்லாம் டோக்கன் பணத்துக்கு நீண்டன.

சாயங்காலம் ஊசி போட்டுக்கொண்ட பாலம்மாள் மருமகளிடம் ரகசியமாகக் கேட்டாள்: "இந்தப் பையன் நல்லவனா இருக்கானே, யாரு வீட்டுப் புள்ள?"

"உங்க வீட்டுப் புள்ளதாம்மா," என்று சிரித்தான் கோமதிசங்கர்.

திரும்பி வந்த டோக்கன் பணம் வரவு. அம்மா உயிர் வரவு. நாலு மீட்டர் துணியை நாற்பது தடவை உதறிப் பார்க்கிற ஊர், மூக்கில் விடுவதை மோந்துகூடப் பார்க்கவில்லை. யோசித்துப் பார்க்கிற கணக்கில் மட்டும் ஊர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறது.