குட்டியானைக்குக் காய்ச்சல்

பழங்காநத்தம், மதுரை
புதன்கிழமை

மாதாவுக்கு அடுத்தபடியாக நான் பயப்படுகிற, பெருமதிப்பிற்குரிய அக்கா, தலைமையாசிரியை பாக்கியமேரி அவர்களின் சமூகத்துக்கு, தம்பி ஸ்டீபன் முழந்தாள்படியிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான், வீட்டுக்காரி ஆன்மேரி, வீட்டுப் பூனை எல்லோரும் ஆண்டவர் கிருபையால் சுகம். தாங்களும் மச்சானும் அங்கு சுகம்தானா என்று அறிய ஆவல். இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன வெள்ளிக்கிழமையிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் சின்ன வயதில் நீ சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் மார்ஜின் விட்டு, பேனாவால் எழுதுகிறேன். (‘தாங்கள்’ எல்லாம் பயத்தில் வந்துவிட்டது. இனிமேல் ‘நீ’தான். எனக்கு வேறு வராது.)

அக்கா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடியவில்லை, பார்க்காமல் செய்து கன்னத்தைக் கீறிக்கொண்டேன். அன்றைக்கு உன் பள்ளிக்கூட வாசலில் நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் நீ பார்த்தது பின்பாதி. முன்பாதியையும் தெரிந்துகொண்டு அதற்கப்புறம் திட்டு.

குழந்தைகளுக்குக் கதை எழுதி அதற்குப் படமும் போடுகிறவனுக்கு நம் சொந்தத்தில் என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “பெரியவங்களுக்கு எப்ப மாப்ள எழுதப் போறீக?” என்று கேட்பார், நான் என்னவோ எல்.கே.ஜி.யில் பெயிலாகி அங்கேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி. பதிப்பாளர் வேறு ரகம். பப்பாளி என்று ஒரு குட்டி யானை, நாள் முழுக்கத் தின்றுவிட்டுச் சாயங்காலம் சேற்றில் புரண்டு தூங்குகிறது, இதுதான் நான் முதலில் எழுதிக் கொடுத்த கதை. நீதி எங்கே சார், நீதி இல்லாவிட்டால் பெற்றோர் வாங்க மாட்டார்களே என்றார். தூங்குகிற யானைக்கு நான் எங்கே போய் நீதி தேடுவேன்? கடைசியில் அவர் சொன்னபடியே கதையைத் திருப்பி, ‘பொய் சொல்லாத பப்பாளி’ என்று தலைப்பும் வைத்து, கடைசிப் பக்கத்தில் பப்பாளி தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, “எது நடந்தாலும் உண்மையே சொல்வேன்” என்று சொல்கிற மாதிரி கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். யாரோ படிக்கப் போகிறார்கள், நமக்கென்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு நீ கூப்பிட்டாய். தம்பி என்பதால் கூப்பிட்டாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது, ஒழுங்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வா என்று கண்டித்துச் சொன்னாய். நானும் சும்மா வரக் கூடாது என்று புத்தகப் பெட்டிகள், பொம்மலாட்ட மேடை, ஆளுயரத்துக்கு வரைந்த காட்டுப் படங்கள் எல்லாவற்றையும் கட்டினேன். இம்புட்டையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று, நம் தெருமுனையில் லோடு வண்டி வைத்திருக்கிற மலைச்சாமியைப் பேசினேன். அந்தச் சின்ன லோடு வண்டியை ஊரே குட்டியானை என்றுதானே சொல்கிறது? நானும் ஊரோடு சேர்ந்து சொன்னேன், அதுதான் நான் செய்த தப்பு. ஏற்பாடுகளைக் கவனிக்கிற ஜெனி டீச்சருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்:

“வெள்ளிக்கிழமை காலை குட்டியானையோட வாரேன். பெரிய கேட்டைத் திறந்து வைங்க. நிறுத்த நல்ல நிழல் வேணும். பின்பக்கம் பிள்ளைக யாரும் நிக்க வேணாம். தூரத்துல இருந்து வர்றதால சூடாயிரும், ஒரு வாளித் தண்ணி ரெடியா இருக்கட்டும்.”

இப்போது நீயே படித்துப் பார். இதில் எங்கேயாவது டயர் வருகிறதா? டீசல் வருகிறதா? ஜெனி டீச்சருக்கும் குட்டியானை என்றால் லோடு வண்டி என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவள் அந்த வாரம் முழுக்க மூன்று வகுப்புக்குப் பப்பாளி கதை வாசித்துக்கொண்டிருந்தவள். யானைக் கதை எழுதுகிற ஆள் நிழல் கேட்கிறான், தண்ணீர் கேட்கிறான், பின்னால் பிள்ளைகள் நிற்கக் கூடாது என்கிறான், வேறு என்ன நினைப்பாள்? வியாழக்கிழமை பிரேயரில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். நீ அன்றைக்கு மதுரையில் மீட்டிங்கில் இருந்தாய். இருந்திருந்தால் அங்கேயே ஒரு அதட்டுப் போட்டு நிறுத்தியிருப்பாய், எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி ரோட்டில் நாங்கள் சந்தோஷமாகத்தான் வந்தோம். பள்ளிக்கூட வளைவில் மலைச்சாமி ஹாரன் அடித்தார். உள்ளே இருந்து ஒரு கூச்சல் கேட்டது, எனக்குத்தான் இவ்வளவு வரவேற்பு என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். கேட்டுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள். ஒவ்வொரு கையிலும் வாழைப்பழம், கரும்புத் துண்டு, தேங்காய்ச் சில்லு, ஒருத்தன் கையில் முழுப் பூசணிக்காய். வேப்பமரத்தடியில் தண்ணீர் தெளித்துச் சாணி மெழுகிக் கோலம் போட்டு, பக்கத்தில் வாளி. நீ அப்போதுதான் வந்து பொன்னாடையோடு நின்றாய். மலைச்சாமி இறங்கிப் பின்கதவைத் தட்டி இறக்கினார், தார்ப்பாயை விலக்கினார். உள்ளே அட்டைப்பெட்டி.

அந்த முகங்களை நான் வரைய முடியாது அக்கா. எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள், ஏதோ ஒரு பெட்டியிலிருந்து தும்பிக்கை வரும் என்கிற மாதிரி. தமிழ்மாறன் என்கிற பொடியன்தான் கேட்டான். “சார், பப்பாளி எங்க சார்?”

அந்த இடத்தில் நான் சிரித்துக்கொண்டே, இதுதாண்டா குட்டியானை என்று வண்டியைத் தட்டிக் காட்டியிருக்கலாம். கொஞ்சம் ஏமாந்திருப்பார்கள், அப்புறம் அவர்களும் சிரித்திருப்பார்கள், பூசணிக்காயைச் சத்துணவுக் கூடத்தில் கொடுத்திருப்போம். எனக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: “பப்பாளிக்குக் காய்ச்சல்டா. வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் படுத்திருக்கு.”

உன் கையில் பொன்னாடை அப்படியே நின்றது. போர்த்தவும் இல்லை, மடிக்கவும் இல்லை. நீ என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தண்டனைதான். பிள்ளைகள் கேட்காமலே கண்ணை மூடி, கை கூப்பிப் பப்பாளிக்காக ஜெபம் செய்தார்கள். மாரியாத்தாவைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள் மாரியாத்தாவையும் சேர்த்துக்கொண்டார்கள். நானும் கண்ணை மூடினேன். ஆண்டவரே, இல்லாத யானையைக் குணமாக்கும் என்று எப்படிக் கேட்பது? பிறகு கதை வாசித்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் நான் புத்தகத்தை மூடப் பார்த்தேன், பிள்ளைகளே பள்ளிக்கூடம் அதிர எடுத்துக் கொடுத்தார்கள், “எது நடந்தாலும் உண்மையே சொல்வேன்.”

வண்டி கிளம்பும்போது இரண்டாம் வகுப்பு ஆர்த்திகா பக்கத்தில் வந்தாள். ஒல்லியாக, இரட்டைச் சடையோடு, பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாளே, அவள்தான். மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து என் கையில் வைத்தாள். “சார், இதைக் கட்டுங்க, சரியாப் போயிரும்.” காய்ச்சலுக்காகக் கோயிலில் மந்திரித்துக் கட்டின கயிறு போல. இத்தனூண்டு கயிறு யானைக் காலுக்குப் பத்தாதேம்மா என்றேன், அப்போதும் பொய்யை விடாமல். “பத்துற எடத்துல கட்டுங்க” என்றாள். அந்தக் கயிற்றைக் கையில் வைத்திருக்க எனக்குத் தகுதியில்லை என்று வண்டியின் முன்னால் மலைச்சாமி வைத்திருக்கிற கருப்பசாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டு, ஊர் வந்து சேரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். வண்டி நிறைய ஏற்றிவிட்டார்கள். பப்பாளிக்குக் கொடுக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தெருவில் மாட்டுக்குக் கொஞ்சம், பக்கத்து வீடுகளுக்குக் கொஞ்சம். மிச்சத்தை ஆன்மேரி பஜ்ஜி போட்டாள். நல்லாயிருக்கிறதா என்று கேட்டாள். நல்லாத்தான் இருந்தது. நோயாளிக்கு வந்த பழத்தைத் தின்கிற சொந்தக்காரன் மாதிரி மூலையில் உட்கார்ந்து தின்றேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. நேற்றுக் கொரியரில் ஜெனி டீச்சர் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறாள். எல்லாம் படம். பப்பாளிக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறார்கள். நாலு காலுக்கும் நாலு போர்வை. தும்பிக்கையில் தெர்மாமீட்டர். தலைமாட்டில் ரசஞ்சோறு, அண்டாவில். இத்தனை வருஷமாக யானை வரைகிறேன், யானைக்குக் காய்ச்சல் வந்தால் காதை மடக்கிக்கொண்டு படுக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு படத்தில் பப்பாளிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறேன். வழுக்கையைக்கூட அழகாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கட்டோடு ஒரு சீட்டு. வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு வருகிறார்களாம், பப்பாளியைப் பார்க்க. தெப்பக்குளத்துக்கு எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை. என் மானத்துக்காகச் சொல்லவில்லையா, இப்படி ஒரு தம்பி என்று சொல்ல வாய் வரவில்லையா, தெரியவில்லை. ஆன்மேரியிடம் யோசனை கேட்டேன். “எங்கயாச்சும் ஒரு பெரிய யானையைக் காட்டி, காய்ச்சல்ல வளந்துருச்சுன்னு சொல்லுங்க” என்றாள். ஒரு நிமிஷம் நான் அதையும் யோசித்தேன் என்பதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அதனால் அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பிரேயரில் நீயே ஒரு வரி சொல்லிவிடு. பப்பாளிக்குக் குணமாகிவிட்டது, அதன் அம்மா வந்து காட்டுக்குக் கூட்டிப் போய்விட்டது, சார் ரொம்ப நன்றி சொன்னார். நீ சொன்னால் நம்புவார்கள். நான் போய் உண்மையைச் சொன்னால், அந்தப் பிள்ளைகள் இனி எந்தப் புத்தகத்தையாவது நம்புவார்களா? முக்கியமாக அந்த ஆர்த்திகா. தன் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தவளிடம் யானையே இல்லை என்று எப்படிச் சொல்வது? அவள் மனசு உடைந்துவிடும். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

மலைச்சாமி நாளைக் காலையில் கொட்டாம்பட்டிப் பக்கம் லோடு ஏற்றப் போகிறார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். கயிறும் அவர் வண்டியில்தான் இருக்கிறது, எடுத்து உன்னிடம் தருவார். ஆர்த்திகாவின் கையில் நீயே கட்டிவிடு.

மச்சானுக்கு என் வணக்கம். அவரிடம் இதையெல்லாம் சொல்லாதே, ஏற்கெனவே என்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மாதா உனக்கு நல்ல சுகத்தையும் என் விஷயத்தில் மட்டும் நல்ல மறதியையும் தரட்டும்.

தலைகுனிந்த தம்பி,
ஸ்டீபன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை. கவரை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மலைச்சாமி வந்தார். காய்ச்சல் கயிற்றை மறக்காமல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அது காய்ச்சலுக்குக் கட்டுறது இல்லண்ணே. பயந்த பிள்ளைக்கு மந்திரிச்சுக் கட்டுறது.”

அப்புறம் மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். நான் உள்ளே கதை வாசித்துக்கொண்டிருந்தபோது ஆர்த்திகா தண்ணீர் குடிக்கிற சாக்கில் வண்டிப் பக்கம் வந்திருக்கிறாள். மாமா, இதுதானே குட்டியானை, எங்கப்பா தினமும் இந்த மாதிரி ஒன்றில் ஏறித்தானே வேலைக்குப் போகிறார் என்று கேட்டிருக்கிறாள். இவரும் ஆமாம் என்றிருக்கிறார். அதற்கு அவள் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “அந்த சார் பயந்து போயித்தான் பொய் சொல்லிட்டாரு. நீங்க காட்டிக் குடுத்துராதீங்க மாமா. நானும் சொல்ல மாட்டேன்.”

ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், நீங்கள் அந்தக் கயிற்றைக் காய்ச்சலுக்கு என்று சொன்னது பொறுக்காமல்தான் இப்போது வாய் தவறிவிட்டது என்றார்.

ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் செய்யாதே அக்கா. காட்டிலிருந்து எந்த அம்மாவும் வர வேண்டாம். பிரேயரில் நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், நானே வந்து பேசுகிறேன். பஜ்ஜியையும் சேர்த்துச் சொல்கிறேன். ஜெனி டீச்சரிடம் இதை மட்டும் வாசித்துக் காட்டு: வெள்ளிக்கிழமை காலை குட்டியானையில் வாரேன். லோடு வண்டி. பின்பக்கம் பிள்ளைகள் யாரும் நிற்க வேண்டாம், ஆர்த்திகா மட்டும் முன்பக்கம் நிற்கட்டும். அவள் கயிற்றை அவள் கையிலேயே கட்டிவிட வேண்டும்.

அதுவரை அது என் கையில்தான் இருக்கும். நீளம் பத்தவில்லை, மலைச்சாமி சணல் சேர்த்துக் கட்டிவிட்டார். கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன் கையில் மந்திரித்த கயிறா என்று நம் பங்குச்சாமியார் கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.